முந்நூற்று அறுபத்தோராவது மஞ்சள்

மிரேய் கஸ்தேங் வீட்டுக்குச் சாப்பிடப் போனால் கறி கிடைக்கும், மீன் கிடைக்கும், தோட்டத்து வெங்காயத்தாள் சூப் கிடைக்கும். முட்டை மட்டும் கிடைக்காது. வருஷத்தில் ஒரே நாளில் முந்நூற்று அறுபது முட்டை உடைக்கிறவளுக்கு மிச்ச நாளெல்லாம் முட்டையைக் கண்டாலே ஆகாது என்று அவள் கணவன் ஜெரார் சொல்வான். ஜெரார் வடக்கே பெல்ஜியம் எல்லைப் பக்கம் பிறந்தவன். பீர் மட்டும்தான் குடிப்பான். பொர்தோ நகரத்துக்கு வடக்கே, ஆற்றங்கரை நெடுகத் திராட்சையைத் தவிர வேறொன்றும் நடாத எங்கள் ஊரில் அது லேசான குற்றமில்லை. ஆனாலும் ஊர் அவனைக் கண்டுகொள்ளவில்லை. அந்தக் குடும்பத்தைக் கேலி செய்ய அதைவிடப் பழைய, அதைவிட ருசியான விஷயம் ஒன்று ஊர் கையில் இருந்தது.

மிரேயின் அப்பா ஃபிர்மேன், லசால்வி பண்ணையின் பீப்பாய்க் கூடத்தில் வேலை பார்த்தவர். இரண்டாவது குளிர்காலத்தில் பீப்பாயிலிருக்கும் சிவப்பு ஒயின் லேசாகக் கலங்கியிருக்கும், நாக்கைக் கொஞ்சம் பிறாண்டும். பீப்பாய்க்கு ஆறு முட்டையின் வெள்ளைக்கருவை ஒரு சிட்டிகை உப்புப் போட்டு அடித்து ஊற்றிக் கலக்கிவிட்டால், அது கசடையெல்லாம் வாரிக்கொண்டு மெள்ள அடியில் போய்ப் படுத்துவிடும். ஒன்றரை மாதம் கழித்து மேலே இருப்பதை வேறு பீப்பாய்க்கு மாற்றினால் தெளிந்திருக்கும். வெள்ளை மட்டும்தான் உள்ளே போக வேண்டும். ஒரு மஞ்சள் தவறி விழுந்தாலும் வாடை ஏறிவிடும். பண்ணையின் பெயர் போட்ட பெரிய ஒயினுக்கு அந்தப் பீப்பாய் ஆகாது.

இருநூற்று அறுபது வருஷமாக ஒரே குடும்பத்தின் கையிலிருக்கும் பண்ணை அது. அங்கே இதற்கென்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். மஞ்சளைத் தவறவிட்டவர் பெயரைச் சாக்கட்டியால் அந்தப் பீப்பாயின் முகத்திலேயே எழுதிவிடுவார்கள். மஞ்சள் எங்கே போனதோ அங்கே பெயர். அந்த ஒயின் வேலையாட்களின் மதியச் சாப்பாட்டு மேசைக்குப் போகும். பீப்பாய் தீரும் வரை பெயரை யாரும் அழிக்கக் கூடாது.

1961 ஜனவரியில் ஃபிர்மேன் ஒரு மஞ்சளைத் தவறவிட்டார். அவர் பெயர் எழுதிய பீப்பாயை வேலையாட்கள் ஒரு வருஷம் குடித்துத் தீர்த்தார்கள். குடிக்கும்போதெல்லாம் அவரை ஆம்லெட் என்று கூப்பிட்டார்கள். பீப்பாய் காலியாகிவிட்டது, ஆம்லெட் என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இரண்டு வருஷம் கழித்துப் பிறந்த மிரேய், பள்ளிக்கூடத்தில் ஆம்லெட் மகள். அவள் கல்யாணத்தன்று மேயர் பதிவேட்டைப் பார்த்துப் படித்துக்கொண்டே வந்து, மணப்பெண்ணின் தகப்பனார் என்ற இடத்தில் வாய் தவறி ஆம்லெட் என்று சொல்லிவிட்டு, அப்புறம் கஸ்தேங் என்று திருத்தினார். ஃபிர்மேன் செத்தபோது கூடத்து நண்பர்கள் வாங்கி வைத்த மலர்வளையத்தின் ரிப்பனில் கூட, பொன்னெழுத்தில், 'எங்கள் ஆம்லெட்டுக்கு' என்றுதான் இருந்தது. அன்போடுதான் எழுதினார்கள். மிரேயும் அழுதுகொண்டே சிரித்தாள். ஆனால் அந்த ரிப்பனைக் கல்லறையில் விடாமல் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அதே வருஷம் கூடத்தில் முட்டை உடைக்கும் பெண் கையை முறித்துக்கொண்டாள். பண்ணையின் எட்டாம் தலைமுறை, கஸ்பார் லசால்வி, அப்போது நல்ல வயதில் இருந்தார். கொடி கட்டும் வேலையில் இருந்த மிரேயைக் கூப்பிட்டு, முட்டை உடைக்கிறாயா என்று கேட்டார். ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததாம், ஆம்லெட் மகள் கையிலா முட்டை என்று. அவள் சரி என்றாள். அன்றிலிருந்து போன வருஷத்தோடு முப்பத்துநாலு ஜனவரி. ஏறத்தாழ பன்னிரண்டாயிரம் முட்டை. ஒரு மஞ்சள் தவறியதில்லை. இப்போது பள்ளிக்கூடத்தில் படிக்கும் அவள் பேத்தியை யாரும் ஆம்லெட் பேத்தி என்று கூப்பிடுவதில்லை. மிரேய் சம்பாதித்தது அதைத்தான்.

அவள் உடைக்கும்போது ரேடியோ பாடக் கூடாது, பக்கத்தில் யாரும் பேசக் கூடாது. முட்டையைக் கிண்ணத்து விளிம்பில் ஒரு தட்டு. இரண்டு ஓட்டுக்கும் நடுவே மஞ்சளை மூன்று முறை மாற்றுவாள். வெள்ளை நூல் மாதிரி இறங்கிக் கிண்ணத்துக்குப் போகும். மஞ்சள் வழுக்கிக்கொண்டு கண்ணாடி ஜாடிக்குப் போகும். ஆறு வெள்ளை சேர்ந்ததும் பஸ்தியான் கிண்ணத்தை எடுத்து அடிப்பான். நாற்பது வயது, தோள் இரண்டும் கதவு அகலம், வாய் ஓயாது. அந்த ஒரு காலைப் பொழுதுதான் அவன் வாயை மூடிக்கொண்டிருப்பது. முப்பது முட்டைக்கு ஒரு தட்டு, ஒரு தட்டுக்கு ஒரு ஜாடி. பன்னிரண்டு தட்டு, பன்னிரண்டு ஜாடி, அறுபது பீப்பாய்.

உடைத்தவளே மஞ்சளை எண்ணக் கூடாது என்பது இன்னொரு வழக்கம். எண்ணுகிறவர் வெளி ஆளாக இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் கன்னியர் மடத்தில் எண்ணினார்கள். மஞ்சளும் அவர்களுக்குத்தான் போனது. மடம் மூடியபிறகு அது ரொசீனின் ரொட்டிக் கடைக்கு வந்தது. அந்தக் கடையின் கல்லாவுக்குப் பின்னால்தான் நான் பதினேழு வருஷமாக நிற்கிறேன். ஜாடிகள் வந்ததும் நானும் ரொசீனும் ஆளுக்கொரு கரண்டி எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மஞ்சளாக எண்ணி மாற்றுவோம். அப்புறம் ஒரு வாரத்துக்கு ஊரே மஞ்சள்தான். வெளியே கருக முறுகி உள்ளே கூழாக இருக்கும் கனெலே கேக் மலை மலையாகச் சுடுவோம். பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டில் கஸ்டர்ட், முதியோர் இல்லத்தில் கஸ்டர்ட். டாக்டர் அந்த வாரம் ஊரை விட்டே போய்விடுவார் என்று பேச்சு.

போன வருஷம் ஜனவரி பதினாறு, செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் நாலு மணிக்கு ரொசீன் பண்ணைக்குப் போன் போட்டு வழக்கமான வார்த்தையைச் சொன்னாள்: ஜாடிக்கு முப்பது, முந்நூற்று அறுபது, எல்லாம் வந்தது. நானும் இரண்டு முறை எண்ணியிருந்தேன். சரியாக வந்த கணக்கையும் இன்னொரு தரம் எண்ணாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

வியாழக்கிழமை மதியம், கடையில் கூட்டமில்லாத நேரம், மிரேய் வந்தாள். பேத்திக்கு கனெலே வாங்க வந்தவள் அப்படியே கண்ணாடிப் பெட்டிமேல் சாய்ந்துகொண்டு கதை பேச ஆரம்பித்தாள். அவளும் ரொசீனும் ஒரே வகுப்பு.

"சொல்ல மறந்துட்டேன்டி ரொசீன். ஏழாவது தட்டுல ரெட்டை வந்துச்சு. ஒரே ஓட்டுக்குள்ள ரெண்டு மஞ்சள். முப்பத்துநாலு வருஷத்துல எனக்கு இதான் மொத ரெட்டை."

முட்டை உடைக்கும்போது பேசாதவள் அன்றைக்குக் கூவியே விட்டாளாம். பஸ்தியான் ஓடி வந்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தானாம். கூடத்து மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கிழவர் லசால்வி கூட எழுந்து வந்து ஜாடிக்குள் எட்டிப் பார்த்து, நல்ல சகுனம் என்றாராம். இப்போது பண்ணையை நடத்துவது அவர் மகள் கிளோத்தில்ட்; எண்பத்துநாலு வயதில் அவருக்கு இருக்கும் ஒரே வேலை, தினமும் காலையில் கூடத்துக்கு வந்து அந்த நாற்காலியில் உட்காருவதுதான்.

நான் கனெலேயைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். என் வாய் என்னைக் கேட்காமல் பேசியது.

"அப்போ முந்நூத்தி அறுபத்தொண்ணுல்ல வந்திருக்கணும்?"

ரொசீன் என்னைப் பார்த்தாள். மிரேய் ரொசீனைப் பார்த்தாள். முப்பது முட்டை, அதில் ஒன்று இரட்டை. ஜாடியில் முப்பத்தொரு மஞ்சள் இருந்திருக்க வேண்டும். நாங்கள் எண்ணியது முப்பது. செவ்வாய்க்கிழமை முழுக்க ஒரு பக்கம் இரட்டை வந்தது என்று மகிழ்ந்தார்கள், இன்னொரு பக்கம் கணக்கு சரியாக வந்தது என்று மகிழ்ந்தார்கள். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

"உன்ன யாருடி கணக்குப் போடச் சொன்னது?" என்றாள் ரொசீன் என்னிடம்.

மிரேயின் முகம் மாவு மாதிரி ஆகிவிட்டது. ஜாடி ஏழில் எத்தனை என்று கேட்டாள். முப்பது என்றோம். நிச்சயமா என்றாள். நான் இரண்டு முறை எண்ணினேன் என்பதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்; சொன்னேன். அவள் விரல் விட்டுக் கணக்குப் பார்த்தாள். ஏழாவது தட்டு என்றால் முப்பத்தொன்றாம் பீப்பாயிலிருந்து முப்பத்தைந்து வரை. ஐந்தில் ஏதோ ஒன்றில் மஞ்சள் கிடக்கிறது. எதில் என்று தெரியாவிட்டால் ஐந்தையும் ஒதுக்க வேண்டும்.

ரொசீன் கடைக்கதவின் பலகையை 'மூடியிருக்கிறது' பக்கம் திருப்பினாள். "இங்க பாருடி. இது நம்ம மூணு பேருக்குத்தான் தெரியும். நான் வாயத் தொறக்க மாட்டேன். இவளும் தொறக்க மாட்டா, தொறந்தா நான் தைச்சுடுவேன். நீ பாட்டுக்கு வீட்டுக்குப் போ."

"பீப்பாய்க்குத் தெரியுமே" என்றாள் மிரேய். கனெலே பெட்டியை எடுக்காமலே போய்விட்டாள்.

அப்புறம் நடந்ததைப் பஸ்தியான் தினமும் ரொட்டி வாங்க வரும் சாக்கில் சொன்னான். மிரேய் காலையில் வந்ததும் ஐந்து பீப்பாயின் அடைப்பையும் ஒவ்வொன்றாகத் திறந்து மூக்கை வைக்கிறாளாம். மதியம் மறுபடியும். டார்ச்சை அடித்து உள்ளே பார்க்கிறாளாம். முப்பத்துமூன்றில் ஏதோ வாடை என்கிறாளாம். கால் மணி நேரம் கழித்து, இல்லை, அது என் ஸ்வெட்டர் என்கிறாளாம். அவனையும் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னாளாம். எனக்கு எல்லாவற்றிலும் ஒயின் வாடைதான் வருகிறது என்றிருக்கிறான். அவன் அடித்த கிண்ணம் எல்லாமே நன்றாக நுரைத்தது, மஞ்சள் கலந்திருந்தால் அப்படி நுரைத்திருக்காது என்று சத்தியம் செய்திருக்கிறான். நல்லாத்தான் நுரைத்தது என்று நீ அப்போது நினைத்தாயா, இல்லை இப்போது நினைக்கிறாயா என்று கேட்டாளாம். அதற்கு மேல் அவனால் சத்தியம் செய்ய முடியவில்லை.

அன்றைய காலையை அவனும் அவளும் சேர்ந்து திருப்பித் திருப்பி ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். உடைத்தாள், இரட்டை வந்தது, கூவினாள், கட்டிப்பிடித்தார்கள். மிச்ச முட்டையை உடைத்து முடித்தாள். ஏழாம் தட்டு முடிந்தால் எப்போதும் காப்பி. காப்பி குடிக்கும்போது வாசலில் லாரி வந்த சத்தம் கேட்கிறது என்று கிழவர் சொன்னார். இரண்டு பேரும் போய்ப் பார்த்தார்கள். லாரியும் இல்லை, ஒன்றும் இல்லை. பக்கத்தில் நின்று கத்தினாலே பாதி கேட்காதவருக்கு லாரி மட்டும் எப்படிக் கேட்டது என்று பஸ்தியான் சிரித்தான். திரும்பி வந்து எட்டாவது தட்டை ஆரம்பித்தார்கள். அவ்வளவுதான். மஞ்சள் தவறிய இடமே அவர்களுக்குப் பிடிபடவில்லை.

அந்த ஞாயிறு புனித வின்சென்ட் விருந்து. அவர் திராட்சைக்காரர்களின் புனிதர். திருநாளை ஒட்டிய ஞாயிற்றில் பூசை முடிந்து, பண்ணையின் பெரிய கூடத்தில் நாற்பது ஐம்பது பேருக்குச் சாப்பாடு. சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டுத் தலைவர் எழுந்து, மஞ்சள் எல்லாம் வந்ததா என்று கேட்பார். எண்ணினவர் எழுந்து, எல்லாம் வந்தது என்பார். அப்புறம்தான் அந்த வருஷத்து ஒயினை எல்லாரும் முதல் வாய் குடிப்பது. கேட்கப்போவது கிளோத்தில்ட். பதில் சொல்ல வேண்டியவள் ரொசீன். என் வாயைத் தைப்பதாகச் சொன்னவளுக்கு வெள்ளிக்கிழமையிலிருந்து தன் வாய் என்ன சொல்லும் என்ற கவலை வந்துவிட்டது. நான் அதற்கும் சேர்த்துக் கவலைப்பட்டேன்.

ஜெரார் சனிக்கிழமை கடைக்கு வந்தான். மிரேய் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை என்றான். பேத்தியின் பள்ளிக்கூடப் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளாம். பேசாமல் இரு என்று அவனும் சொல்லிப் பார்த்திருக்கிறான். பீர் குடிக்கிற உனக்கு இது புரியாது என்றுவிட்டாளாம். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் அதைச் சொல்லிக் காட்டியது அதுதான் முதல் தடவை.

ஞாயிறு காலை பூசைக்கு முன்னாலேயே மிரேய் கூடத்துக்குப் போனாள். சாக்கட்டியை எடுத்து முப்பத்தொன்றிலிருந்து முப்பத்தைந்து வரை ஐந்து பீப்பாயின் முகத்திலும் மிரேய் கஸ்தேங் என்று எழுதினாள். கடைசியில் எழுதும்போது கிழவர் தடியை ஊன்றிக்கொண்டு உள்ளே வந்தார். என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். சாப்பாட்டுக்கு அப்புறம் சொல்கிறேன் முசியே என்றாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். அவள் பெயரை, ஐந்து தடவை. வழக்கமாக ஒரு மணி நேரம் உட்காருகிறவர் அன்றைக்கு நாற்காலிப் பக்கமே போகாமல் திரும்பிப் போய்விட்டார்.

விருந்தில் திராட்சைச் சுள்ளியில் வாட்டிய மாட்டுக்கறி. கிழவருக்கு மட்டும் தனித் தட்டு: வேக வைத்த மீன், வேக வைத்த வெங்காயத்தாள். உப்பு இல்லை, வெண்ணெய் இல்லை. அவர் ரத்தக் கொழுப்பு ஏறிக் கிடந்து மருத்துவமனைக்குப் போய் வந்ததிலிருந்து கிளோத்தில்ட் அப்படித்தான். பக்கத்தில் உட்கார்ந்து அவர் முள்கரண்டி எங்கெல்லாம் போகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். முட்டை என்ற பேச்சே அந்த வீட்டில் கிடையாது. அன்றைக்கு அவர் பக்கத்துத் தட்டுக் கறியைக் கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

சாப்பாடு முடிந்தது. கிளோத்தில்ட் கோப்பையோடு எழுந்தாள். "மதாம் ரொசீன், மஞ்சள் எல்லாம் வந்துச்சா?"

ரொசீன் எழுந்தாள். வாயைத் திறந்தாள். அப்புறம் கைத்துண்டால் வாயைத் துடைத்தாள். என்னைப் பார்த்தாள். நான் மேசை விரிப்பைப் பார்த்தேன். அதற்குள் மேசையின் மறுகோடியில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"அவள விடுங்க. நான் சொல்றேன்" என்றாள் மிரேய்.

எழுதி மனப்பாடம் செய்தவள் மாதிரி சொன்னாள். ஏழாம் தட்டு, இரட்டை, முப்பத்தொன்று வந்திருக்க வேண்டும், வந்தது முப்பது. எந்தப் பீப்பாய் என்று தெரியவில்லை, அதனால் ஐந்திலும் பெயர் எழுதிவிட்டேன். தவறு என் கையுடையது, பஸ்தியானுடையது இல்லை. ரொசீனும் இந்தப் பெண்ணும் எண்ணியது சரி.

ஐந்து பீப்பாய் என்றால் ஆயிரத்து ஐந்நூறு பாட்டில். கிளோத்தில்ட் கோப்பையைக் கீழே வைத்தாள். மேசையின் நடுவில் யாரோ ஒருவன், குடித்த உற்சாகத்தில், ஆ என்று ஆரம்பித்தான். அடுத்த எழுத்து வருவதற்குள் பஸ்தியான் திரும்பிப் பார்த்தான். அது இருமலாக முடிந்தது. மிரேய் உட்காரவில்லை. மிச்சத்தையும் கேட்டுக்கொண்டே போய்விடலாம் என்று நிற்பவள் மாதிரி நின்றாள்.

கிழவர் முள்கரண்டியைத் தட்டில் வைத்தார்.

"அந்த மஞ்சள் பீப்பாய்ல இல்ல" என்றார்.

"என்னப்பா சொல்றீங்க?"

"பீப்பாய்ல இல்லங்கறேன்."

"அப்போ எங்க இருக்கு?"

அவர் தன் கறுப்பு வெய்ஸ்ட்கோட்டின் மேல், வயிறு முட்டுகிற இடத்தில், இரண்டு விரலால் தட்டிக் காட்டினார்.

கொஞ்ச நேரம் யாருக்கும் புரியவில்லை. முதலில் புரிந்தது பஸ்தியானுக்கு. "லாரி" என்றான். அப்புறம் மேசையைக் குத்தினான். "அட லாரி. காது கேக்காத மனுஷனுக்கு லாரி கேட்டுச்சாம்."

அதற்கு அப்புறம் கூடத்தில் கிளம்பிய சிரிப்பில் கிழவர் சொன்னது எனக்குத் துண்டு துண்டாகத்தான் கேட்டது. இரண்டு வருஷமாக ஒரு மஞ்சளை நாக்கில் வைத்ததில்லை. கையில் காப்பிக் கோப்பை, அதில் அடியில் கொஞ்சம் சர்க்கரை. முன்னால் ஜாடி நிறைய மஞ்சள். அதுவரைக்கும் வெறுமனே பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இரட்டை வந்தபோதுதான் அவருக்குக் கணக்குத் தோன்றியது: முப்பத்தொன்று ஆகிவிட்டது, ஒன்றை எடுத்தால் முப்பது, யாருக்கும் தெரியாது. அந்தக் கூடத்தில் அன்றைக்கே அந்தக் கணக்கைப் போட்டவர் அவர் ஒருவர்தான்.

"டாக்டர் என்ன சொன்னார், ஞாபகம் இருக்கா?" என்றாள் கிளோத்தில்ட். சிரிக்காமலிருக்க அவள் படும் பாடு தெரிந்தது.

"முட்டை சாப்பிடக் கூடாதுன்னார். ரெட்டையில ஒண்ணு எப்படி முழு முட்டை ஆகும்? அரை முட்டை."

சிரிக்காத ஒரே ஆள் மிரேய். அவள் மேசையைச் சுற்றிக்கொண்டு கிழவர் முன்னால் வந்து நின்றாள். சிரிப்பு தானாக அடங்கியது.

"மூணு நாளா நான் ஒவ்வொரு பீப்பாயா மோந்துகிட்டு நிக்கிறேன். நீங்க அந்த நாற்காலில உக்காந்து பாத்துகிட்டே இருந்தீங்களே முசியே."

"நீ கண்டுபிடிக்க மாட்டேன்னு நெனச்சேன்" என்றார் அவர். "அப்புறம் கண்டுபிடிச்சாலும் சொல்ல மாட்டேன்னு நெனச்சேன். என்னைய மாதிரியே உன்னையும் நெனச்சுட்டேன். தப்பு என் மேலதான், மிரேய்."

அடுத்து அவள் கேட்டது பக்கத்தில் இருந்த எங்கள் சிலருக்குத்தான் கேட்டது.

"அறுபத்தொண்ணுல? எங்கப்பா வருஷம்? அதுவும் நீங்கதானா?"

கிழவர் கையை மார்பில் வைத்தார். "இல்லம்மா. அந்த வருஷம் நான் பட்டாளத்துல, அல்ஜீரியாவுல கிடந்தேன். அது உங்கப்பா விட்டதுதான்."

மிரேய் அதற்குத்தான் சிரித்தாள். முதலில் மூக்கால், அப்புறம் தோள் குலுங்க, அப்புறம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு. "அவரும் அப்படித்தான் சொல்வாரு" என்றாள். "சாகற வரைக்கும், நான்தான் விட்டேன், நான்தான் விட்டேன்னு. நாங்கதான் நம்பல."

கிளோத்தில்ட் மறுபடி கோப்பையை எடுத்தாள். விருந்தைத் தொடரலாம் என்று சொல்லப்போனாள். மிரேய் கையைக் காட்டி நிறுத்தினாள். பாவாடைப் பையிலிருந்து காலையில் எழுதிய சாக்கட்டியின் மிச்சத்தை எடுத்தாள்.

"வழக்கம் வழக்கம்தானே முசியே? மஞ்சள் எங்க போச்சோ அங்க பேரு."

கிழவர் எழுந்தார். தடியை மகளிடம் கொடுத்துவிட்டு, புகைப்படத்துக்கு நிற்பவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நின்றார். மிரேய் அந்தக் கறுப்பு வெய்ஸ்ட்கோட்டின் மேல், இரண்டு பொத்தானுக்கு நடுவே, நிதானமாக, பெரிய எழுத்தில் கஸ்பார் லசால்வி என்று எழுதினாள். பெயர் முழுசும் கொள்ளவில்லை. கடைசி இரண்டு எழுத்தும் விலாப்பக்கம் போயின. பீப்பாய் தீரும் வரை அழிக்கக் கூடாது என்று பஸ்தியான் அறிவித்தான். இந்தப் பீப்பாய் தீர நாளாகும் என்றார் கிழவர். ரொசீன் அப்போதுதான் தன் முறை இன்னும் முடியவில்லை என்பது நினைவுக்கு வந்து எழுந்து, எல்லாம் வந்தது என்று கத்தினாள். எல்லாரும் குடித்தார்கள். ஜெரார் கூட ஒரு வாய் ஒயின் குடித்தான். நன்றாகத்தான் இருக்கிறது என்றானாம். மிரேய் அதை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

விருந்து கலைந்ததும் ஐந்து பீப்பாயின் முகத்தையும் அவளே ஈரத்துணியால் துடைத்தாள். மறுநாள் காலை பண்ணைக்கு ரொட்டி அனுப்பும்போது ரொசீன் காகிதப் பையின்மேல் வழக்கமாக எழுதும் 'லசால்வி' என்பதற்குப் பதிலாக 'ஆம்லெட்' என்று எழுதினாள். பண்ணையிலிருந்து ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. இப்போதும் அப்படித்தான் எழுதுகிறோம்.

இந்த வருஷம் ஜனவரியில் மிரேய்க்கு முப்பத்தைந்தாவது தடவை. ஓய்வு பெறலாமே என்று கிளோத்தில்ட் கேட்டதற்கு, இப்போதுதான் கை சூடு பிடித்திருக்கிறது என்றாளாம். ஏழாவது தட்டு முடிந்து காப்பி நேரம் வந்ததும் பஸ்தியானும் அவளும் வாசலுக்குப் போய் ஐந்து நிமிஷம் நின்றார்கள். லாரி பார்க்க. கூடத்தில் கிழவரும், ஜாடியும், சர்க்கரை போட்ட காப்பிக் கோப்பையும் இருந்தார்கள். டாக்டரிடம் மகள் போய் வாதாடி வாங்கி வந்த அனுமதி: வருஷத்துக்கு ஒன்று, முழு மஞ்சள்.

சாயங்காலம் நாலு மணிக்கு நாங்கள் எண்ணி முடித்தோம். நான் இன்னொரு தரம் எண்ணினேன். ரொசீன் போனை எடுத்தாள்.

"முந்நூத்தி ஐம்பத்தொன்பது" என்றாள். "எல்லாம் வந்தது."